ஆவுடையப்பன் திருத்திய முடிவு

மார்ச் 3, திங்கள்

'ஆவுடையின் கதைநேரம்' யூடியூப் சேனலுக்கு இன்று சந்தாதாரர்கள் எண்பதாயிரத்தைத் தாண்டிவிட்டார்கள். சங்கரன்கோவில் சார்பதிவாளர் அலுவலக வாசலில் இருபத்திரண்டு வருடமாகப் பத்திரம் எழுதுகிறேன். எண்பது பேர்கூட என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, "பத்திரக்காரரே" என்பார்கள். இப்போது துபாயிலிருந்து ஒருவர், "அண்ணா, உங்கள் குரலைக் கேட்டால் அம்மா ஞாபகம் வருகிறது" என்று எழுதுகிறார். ஆம்பளைக் குரலைக் கேட்டு அம்மா ஞாபகம் ஏன் வர வேண்டும் என்று கோமு கேட்டாள். என் மனைவி கோமதிக்கு ரசனை குறைவு.

இவ்வளவு கூட்டத்துக்கும் காரணம் 'பதினோரு மணி பஸ்' கதைதான். வாட்ஸப்பில் வந்தது. பாப்பா என்ற பெண், புருஷன் வீட்டை விட்டு ஒரு பையோடு பஸ் ஏறுகிறாள். கடைசி நிறுத்தத்தில் இறங்கி டீ வாங்குகிறாள். சர்க்கரை பத்தவில்லை என்று கேட்டுப் போட்டுக்கொள்கிறாள். அவ்வளவுதான், கதை முடிந்தது. சர்க்கரையோடு முடிகிற கதையைக் கேட்டு யார் கண் கலங்குவார்கள்? ஆகவே நான் கொஞ்சம் செப்பனிட்டேன். ஆற்றுப் பாலம் தாண்டியதும் பாப்பா பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்குகிறாள். வெயிலில் திரும்பி நடக்கிறாள். வாசலில் காத்து நிற்கும் புருஷன், ஒரு வார்த்தை கேட்காமல் அவளுக்குச் சுடச்சுடச் சோறு பரிமாறுகிறான். பின்னணியில் வயலின். தலைப்பையும் மாற்றினேன்: 'வீட்டை விட்டுப் போன மனைவி... அடுத்து நடந்ததைக் கேட்டால் அழுதுவிடுவீர்கள்'. மூன்று லட்சம் பேர் கேட்டிருக்கிறார்கள். அழுததாகப் பலர் எழுத்துமூலம் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

எழுதியவர் பெயர் கதையின் கீழே இருந்ததா என்று நினைவில்லை. இருந்திருந்தாலும் சின்ன எழுத்தில்தான் இருந்திருக்கும். 'படித்ததில் பிடித்தது' என்று போட்டிருக்கிறேன். 'பதிப்புரிமையை மீறும் நோக்கம் இல்லை' என்றும் கீழே சேர்த்திருக்கிறேன். அதற்கு மேல் ஒரு மனிதன் என்ன செய்ய முடியும்?

கேஸ் சிலிண்டர் வந்தது.

மார்ச் 6, வியாழன்

பத்திரம் எழுத ஒருவர் வந்தார். பக்கத்து மனையில் ஒன்றரை அடி தள்ளிச் சுவர் எழுப்பிவிட்டாராம். அந்த ஒன்றரை அடியையும் தன் பேரில் சேர்த்து எழுத வேண்டுமாம்.

"சும்மா கெடந்த எடந்தான அண்ணாச்சி. முள்ளும் பொதருமா இருந்துச்சு. நான் சுத்தம் பண்ணி அழகா செவரு கட்டியிருக்கேன்லா."

"நீரு தங்கத்துலயே கட்டும். மூலப் பத்திரம் யாரு பேர்ல இருக்கு?"

"அவரு மெட்ராஸ்ல இருக்காரு. அவருக்கு இது தெரியவே தெரியாது."

"தெரியலன்னா உம்ம எடம் ஆயிருமா? எந்திரிச்சுப் போவும்."

அனுப்பிவிட்டேன். அடுத்தவர் சொத்து என்றால் நம் ஆட்களுக்கு ஒரு கூச்சமே இல்லை.

மாலையில் புதிதாக ஒரு கதை பதிவு செய்தேன். கரூரிலிருந்து ஒரு ரசிகர் அனுப்பியது, நல்ல உருக்கம். எழுதியவர் யார் என்று தேட நேரமில்லை.

மார்ச் 9, ஞாயிறு

'பதினோரு மணி பஸ்' கதைக்குக் கீழே ஒரு பின்னூட்டம்: "ஐயா, இந்தக் கதையை எழுதியது நான். இதன் முடிவு இதுவல்ல. தயவுசெய்து என்னோடு பேசுங்கள். வ. மங்களேஸ்வரி, ராஜபாளையம்." கூடவே கைபேசி எண்.

பெயரைப் பார்த்ததும் நினைவு வந்துவிட்டது. வாட்ஸப் செய்தியின் அடியில் இருந்தது. சின்ன எழுத்து என்று நான் எழுதியது சரிதான்.

மரியாதையாகப் பதில் போட்டேன்: "அம்மா, தமிழ் எல்லோருக்கும் சொந்தம். புத்தகத்தில் தூங்கிக்கொண்டிருந்த உங்கள் கதையை மூன்று லட்சம் காதுகளில் சேர்த்திருக்கிறேன். நன்றியை எதிர்பார்க்கவில்லை. குறையையும் எதிர்பார்க்கவில்லை." இதற்கு நூற்றுப் பன்னிரண்டு லைக். என் ரசிகர்கள் சிலர் அந்த அம்மாளைப் பொறாமை பிடித்த கிழவி என்றெல்லாம் எழுதினார்கள். எனக்குப் பிடிக்கவில்லை. அழிக்கவும் இல்லை; பின்னூட்டம் கூடினால் வீடியோ இன்னும் பலருக்குப் போகும்.

மூன்று லட்சம் பேர் என்றால் ஆறு லட்சம் காதுகள். அவசரத்தில் கவனிக்கவில்லை.

மார்ச் 10, திங்கள்

அந்த அம்மாளின் பின்னூட்டத்தை மறைத்து வைத்தேன். சேனலின் அமைதிக்காக.

மார்ச் 17, திங்கள்

வீடியோவைக் காணவில்லை. மூன்று லட்சம் பேர் கேட்ட இடத்தில் ஒரு சாம்பல் நிறக் கட்டம் இருக்கிறது. வ. மங்களேஸ்வரி அளித்த பதிப்புரிமைப் புகாரின்பேரில் நீக்கப்பட்டதாம். இதுபோல மூன்று புகார் சேர்ந்தால் சேனலையே மூடிவிடுவார்களாம்.

அந்த அம்மாளின் கதைகள் இன்னும் இரண்டு என் சேனலில் இருக்கின்றன. அது அவருக்குத் தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன்.

மத்தியானம் எழுதிய ஒரு கிரயப் பத்திரத்தில் கிழக்கு எல்லையையும் மேற்கு எல்லையையும் மாற்றி எழுதிவிட்டேன். இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவை.

மார்ச் 18, செவ்வாய்

வக்கீல் பால்ராஜிடம் போனேன். என்னோடு பள்ளியில் படித்தவர். பல் குத்திக்கொண்டே கேட்டார்.

"கதைய எழுதுனது யாரு?"

"அந்தம்மாதான்."

"அவுககிட்ட கேட்டீரா?"

"நான் என்ன வியாபாரமா பண்ணுதேன்? சேவைதான?"

"அத விடும். கேட்டீரா, கேக்கலியா?"

"கேக்கல."

"எழுதுன ஆளு செத்து அறுவது வருசம் வரைக்கும் உரிமை அவுக பக்கம் இருக்குவே. அந்தம்மா இன்னும் சாகவே இல்ல."

"சரி, அவுக பேரப் போட்டுட்டா?"

"பேரு போடுறது மரியாத. அனுமதி வேற. ரெண்டுமே நீரு பண்ணல. இதுல முடிவ வேற மாத்தியிருக்கீரு. அதுக்குத் தனியா ஐம்பத்தேழாவது பிரிவு இருக்கு. கதைய வித்த பெறவுகூட, அதச் செதைச்சவன எழுதுனவுக கேக்கலாம்."

"செதைக்கல பால்ராஜு. திருத்துனேன்."

"நீரு எழுதுன பத்திரத்துல நான் வந்து நடுவுல ஒரு வரி திருத்தட்டுமா?"

பால்ராஜுக்கு அந்தக் காலத்திலிருந்தே இலக்கியம் வராது.

மார்ச் 19, புதன்

எதிர் அறிவிப்பு என்று ஒன்று இருக்கிறது. நம் வீடியோவைத் தவறுதலாக நீக்கிவிட்டார்கள் என்று முறையிடலாம். பெயர், முழு முகவரி எல்லாம் கேட்டார்கள். அதைப் புகார் கொடுத்தவருக்கு அனுப்புவார்களாம். 'இது தவறுதலாக நீக்கப்பட்டது என்று நான் மனதார நம்புகிறேன். பொய் என்றால் தண்டனைக்குரியது' என்று ஒரு வாசகம், பக்கத்தில் ஒரு கட்டம். டிக் அடித்தேன்.

கோமு தோளுக்குப் பின்னால் நின்று வாசித்திருக்கிறாள். "இது பொய் சத்தியம்லாங்க" என்றாள்.

சாட்சிக் கையெழுத்து கேட்கவில்லை. அவ்வளவு கண்டிப்பான பத்திரமாகத் தெரியவில்லை.

மார்ச் 22, சனி

கோமு கிளை நூலகத்திலிருந்து அந்த அம்மாளின் சிறுகதைத் தொகுப்பை எடுத்து வந்திருக்கிறாள். அடுப்படியில் நின்றுகொண்டே வாசித்ததில் கத்தரிக்காய் கருகிவிட்டது.

"பாப்பா திரும்பி வரலங்க" என்றாள் சாப்பாட்டின்போது.

"தெரியும்."

"தெரிஞ்சேவா மாத்துனீங்க?"

"கேக்குறவங்களுக்கு ஒரு நல்ல செய்தி வேண்டாமா?"

தட்டை எடுத்துக்கொண்டு போனாள். பிறகு மறுபடி வாசிக்க உட்கார்ந்துவிட்டாள்.

2011ஆம் வருடம் கோமு நான்கு மாதம் தென்காசியில் அவள் அண்ணன் வீட்டில் இருந்தாள். உடம்புக்கு முடியாமல் இருந்ததால். இதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

மார்ச் 25, செவ்வாய்

இரண்டாவது புகார். இரண்டாவது கதையும் போயிற்று. மூன்றாவதை நானே அவசர அவசரமாக அழித்தேன். இரண்டு தடவை தப்பான பொத்தானை அழுத்திவிட்டேன். வெயில் அதிகம்.

மார்ச் 30, ஞாயிறு

காலை பத்து மணிக்கு வாசலில் ஒரு வயதான அம்மாள். குள்ளம். கனத்த கண்ணாடி. கையில் துணிப்பையும் மடித்த ஒரு தாளும்.

"ஆவுடையப்பன் வீடுதானே? நான் மங்களேஸ்வரி. ராஜபாளையத்துலருந்து வர்றேன். அட்ரஸ் நீங்கதான் அனுப்பியிருந்தீங்க."

அந்தத் தாள் என் எதிர் அறிவிப்பு. நான் உள்ளே போய்ச் சட்டை மாட்டிக்கொண்டு வருவதற்குள் கோமு அவரை உட்கார வைத்துக் காபி கொடுத்துவிட்டாள். அந்த அம்மாள் தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து, போஸ்ட் மாஸ்டராக ஓய்வு பெற்றவராம். சண்டை போடுவார் என்று எதிர்பார்த்து மூன்று வாக்கியங்கள் தயாராக வைத்திருந்தேன். அவர் சண்டை போடவில்லை. அதனால் அவை பயன்படவில்லை.

"மகளிர் தினத்துக்கு ஒரு காலேஜ்ல என்னைச் சிறப்பு விருந்தினரா கூப்பிட்டிருந்தாங்க தம்பி" என்று ஆரம்பித்தார். "எழுத்தாளர் அம்மாவுக்கு ஒரு பரிசுன்னு சொல்லி, பிள்ளைங்க என் கதையை நாடகமா போட்டாங்க. நான் முதல் வரிசையில உக்காந்திருக்கேன். பாப்பா பஸ்ஸை நிறுத்தி இறங்குறா. திரும்பி நடக்குறா. புருசன் சோறு போடுறான். எல்லாரும் கை தட்டுறாங்க. பேரைப் புத்தகத்துல பாத்திருக்காங்க, கதையை உங்ககிட்ட கேட்டிருக்காங்க."

"நீங்க என்னம்மா பண்ணுனீங்க?" என்றாள் கோமு.

"என்னை மேடைக்குக் கூப்பிட்டு, 'இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்கு எவ்வளவு அவசியமான அறிவுரை'ன்னு சொல்லிச் சால்வை போர்த்துனாங்க. நானும் போர்த்திக்கிட்டேன். பிரின்சிபால் கண்ணைத் துடைச்சுக்கிட்டு நிக்கிறாரு, அந்த நேரத்துல வேற என்னத்தைச் சொல்ல?"

எனக்குச் சிரிப்பு வந்தது. கோமு என்னைப் பார்த்தாள். நிறுத்திக்கொண்டேன்.

"பாப்பா என் தங்கச்சி" என்றார் அந்த அம்மாள். "நிஜமாவே அப்படித்தான் கிளம்பிப் போனா. கை எலும்பு முறிஞ்சு கட்டுப் போட்டிருந்த நேரம். ஒத்தக் கையாலதான் பையத் தூக்கிட்டுப் போனா. தேனியில போய்த் தையல் கத்துக்கிட்டு, கடை போட்டு, இருபத்தாறு வருசம் நல்லா இருந்தா. போன கார்த்திகையிலதான் தவறிப்போனா. அவ திரும்பி வரல தம்பி. அவளை நீங்கதான் கூட்டிட்டுப் போய் அந்த வீட்டுலயே விட்டுட்டு வந்திருக்கீங்க."

கதையில் கைக்கட்டு இருந்தது. பதிவு செய்யும்போது நான் அந்த வரியை எடுத்துவிட்டேன். குடும்பக் கதைக்குப் பொருந்தவில்லை.

"கேட்டிருந்தா வாசிச்சுக்கோங்கன்னு சொல்லியிருப்பேன்" என்றார். "இது ஒரு போன் வேலை. நான் நம்பரே போட்டேனே, ஏன் கூப்பிடல?"

"வேலை அதிகம்" என்றேன்.

"முடிவை ஏன் மாத்துனீங்க?"

ரசிகர்களின் எதிர்பார்ப்பு, சமூகப் பொறுப்பு, நேர்மறைச் சிந்தனை ஆகியவை பற்றி விளக்கினேன். நன்றாகவே பேசிக்கொண்டிருந்தேன். நடுவில் கோமு குறுக்கிட்டாள்.

"நானும் ஒரு தடவ போனேன்மா. நாலு மாசம். அத மனசுல வச்சுத்தான் இவரு மாத்தியிருக்காரு."

"கோமு, அது உடம்பு சரியில்லாம..."

"எனக்கு உடம்புக்கு ஒண்ணுமில்ல" என்றாள். என்னிடம் இல்லை, அந்த அம்மாளிடம். "மகளுக்குப் பத்தாவது பரீட்ச வந்துச்சு, திரும்பி வந்தேன். இவரு கதையில வாற மாதிரி வாசல்ல ஒருத்தரும் நிக்கல. இவரு ஆபீஸ்ல இருந்தாரு. சாவி எங்கிட்ட இருந்துச்சு, நானே தொறந்தேன். சோறும் நான்தான் வச்சேன். அதுக்கு முன்னால நாலு மாசப் பாத்திரத்தக் கழுவ வேண்டியிருந்துச்சு."

நாலு மாசப் பாத்திரம் என்பது மிகை. கடைசி இரண்டு வாரப் பாத்திரம்தான். இதை அங்கேயே சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை.

பிறகு அந்த அம்மாள் நூலகப் புத்தகத்தை என் பக்கம் நகர்த்தினார். "கடைசிப் பக்கத்தை வாசிங்க. நான் கேக்கணும்."

வாசித்தேன். பாப்பா பஸ்ஸை விட்டு இறங்குகிற இடத்தில் என் குரல் லேசாகத் தழுதழுத்தது. அது என் தொழில் திறமை.

"அங்க குரல் நடுங்க வேண்டாம்" என்றார். "அவ நடுங்கல."

மறுபடி வாசித்தேன். நடுங்காமல் வாசிப்பது இவ்வளவு கஷ்டம் என்று தெரியாது. 'இன்னும் கொஞ்சம் சர்க்கரை போடுங்க என்றாள். அவள் வாயால் தனக்கென்று கேட்டு நாளாகியிருந்தது' என்று அந்தக் கதை முடிகிறது. முதலில் படித்தபோது இரண்டாவது வரியை நான் கவனிக்கவில்லை. சர்க்கரையோடு நிறுத்திவிட்டேன்.

"குரல் நல்லாத்தான் இருக்கு" என்றார் அந்த அம்மாள். "அதான் பிரச்சினையே. நீங்க என்ன சொன்னாலும் நம்புறாங்க."

மூன்று நிபந்தனை வைத்தார். அவர் எழுதியபடியே அவர் பெயரோடு கதையை மறுபடி வாசிக்க வேண்டும். செய்த காரியத்தை முதலிலேயே என் வாயால் சொல்ல வேண்டும். மற்றவர்களின் கதைகளையும் எடுத்துவிட்டு, ஒவ்வொருவராகக் கேட்டுத்தான் போட வேண்டும். செய்தால் புகார்களைத் திரும்பப் பெறுவார். வீடியோவில் வருகிற வருமானம் பற்றி அவர் கேட்கவே இல்லை. அதற்கும் மூன்று வாக்கியம் தயாராக இருந்தது.

பஸ் ஏற்றிவிடக் கோமுவே கூடப் போனாள். திரும்பி வர ஒன்றரை மணி நேரம் ஆனது. பேருந்து நிலையம் பத்து நிமிட நடைதான்.

ஏப்ரல் 2, புதன்

என் சேனலில் இருந்த கதைகள் நூற்று நாற்பது. அவற்றில் நான் கேட்டு வாங்கியவை எத்தனை என்று எண்ணினேன். எண்ண அதிக நேரம் ஆகவில்லை.

ஒப்புதல் வாசகம் தயாரித்தேன்: 'சங்கரன்கோவிலில் வசிக்கும் ஆவுடையப்பன் ஆகிய நான், சுயநினைவுடனும் பிறர் தூண்டுதல் ஏதுமின்றியும் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால், இலக்கிய ஆர்வ மிகுதியால், நல்லெண்ணத்தின் அடிப்படையில், மேற்படி கதையில் சிறு மாறுதல் ஏற்பட்டுவிட்டபடியால்...' முழு இரண்டு பக்கம். கோமு வாசித்துவிட்டு, "இதுல தப்புப் பண்ணுனது யாருன்னே தெரியலீங்க" என்றாள். ராஜபாளையத்துக்குப் போன் போட்டாள். இருவரும் இப்போது தினமும் பேசிக்கொள்கிறார்கள்.

"பத்து வார்த்தைக்குள்ள சொல்லச் சொல்லுதாவ" என்றாள் போனைப் பொத்திக்கொண்டு.

எட்டு தடவை எழுதினேன். 'ஏற்பட்டுவிட்டது' போய் 'செய்யப்பட்டது' வந்தது. அதுவும் போய்க் கடைசியில் 'செய்தேன்' வந்தது. பத்திரத்தில் இப்படியெல்லாம் யாரும் எழுத மாட்டார்கள்.

ஏப்ரல் 5, சனி

பதிவேற்றிவிட்டேன். ஆரம்பத்தில் என் முகம் தெரிகிறது. வயலின் இல்லை. "இந்தக் கதை மங்களேஸ்வரி எழுதியது. கேட்காமல் எடுத்தேன். முடிவை மாற்றினேன். தப்பு." ஒன்பது வார்த்தை. அதன் பிறகு கதை.

மற்ற கதைகளைச் சேனலிலிருந்து எடுத்தாயிற்று. தொலைபேசி எண் கிடைத்த ஐந்து எழுத்தாளர்களைக் கூப்பிட்டேன். இரண்டு பேர் சரி என்றார்கள். ஒருவர் யோசித்துச் சொல்கிறேன் என்றார். ஒருவர் திட்டினார், நல்ல தமிழ். ஐந்தாமவர் இறந்து இரண்டு வருடம் ஆகிவிட்டதாம். அவர் மகள் பேசினாள். "அப்பா உங்க சேனலைக் கேட்டிருக்காங்க சார். ஒரு நாள் பேரு சொல்லுவீங்கன்னு கடைசி வரைக்கும் கேட்டாங்க" என்றாள்.

ராத்திரிச் சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 7, திங்கள்

சந்தாதாரர்கள் நாலாயிரம் பேர் போய்விட்டார்கள். பின்னூட்டங்கள்: "பழைய முடிவுதான் சூப்பர்." "அண்ணா, யாருக்கோ பயந்துட்டீங்க." "டீ குடிக்கறதுக்கு எதுக்கு வீட்ட விட்டுப் போகணும்?" "எழுதினவங்களுக்கே கதையை முடிக்கத் தெரியல." இன்னொரு சேனல்காரன் என் பழைய வீடியோவை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறான். என் குரல், என் வயலின். என்னைக் கேட்கவில்லை. எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத வேண்டாம் என்று பார்க்கிறேன். கோமு பலமாகச் சிரித்தாள்.

மத்தியானம் திருப்பூரிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார்: "அண்ணா, பழைய முடிவை மறுபடி போடுங்க. என் மனைவி கோவிச்சுக்கிட்டு அவ அம்மா வீட்டுக்குப் போய் ஒரு மாசம் ஆச்சு. அந்த வீடியோவ அவளுக்கு அனுப்பணும். அதக் கேட்டா கண்டிப்பா வந்துருவா."

நான்கு தடவை வாசித்தேன். இவரைப் போல எத்தனை பேர் ஏற்கெனவே அனுப்பியிருப்பார்கள் என்று ஒரு நினைப்பு வந்தது. மூன்று லட்சத்தில் எத்தனை என்று கணக்குப் போடப் பிடிக்கவில்லை.

குடும்ப ஒற்றுமை பற்றி நீளமாக ஒரு பதில் அடித்தேன். அழித்தேன். பிறகு, "அந்த முடிவு கதையில் இல்லை தம்பி. நான் இட்டுக்கட்டியது. அப்படி நடக்கவில்லை" என்று போட்டேன்.

இரண்டு நிமிடத்தில் கேட்டார்: "அப்ப அவளுக்கு நான் என்னண்ணா அனுப்ப?"

அடுப்படிக்குப் போய்ப் போனைக் கோமுவிடம் காட்டினேன். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி அழுத்தினாள். அனுப்பிவிட்டுப் போனை என் கையில் வைத்தாள்.

"எதையும் அனுப்பாதீங்க. நேர்ல போய், அவ ஏன் போனான்னு கேளுங்க. அவ சொல்றத அப்படியே கேளுங்க. நடுவுல திருத்தாதீங்க."

இதுவரை ஆயிரத்து இருநூறு லைக் வந்திருக்கிறது. "ஆவுடை அண்ணா, என்ன ஒரு வரி" என்று பலர் பாராட்டியிருக்கிறார்கள். என் பெயரில்தான் போயிருக்கிறது.

அதற்குக் கீழே ஒரு வரி சேர்த்தேன்: எழுதியவர், கோமதி. அவளைக் கேட்டுவிட்டுத்தான் போட்டேன்.